பூட்டு போட்டு விற்ற கதை

2000-ஆம் ஆண்டு மார்ச் 14 அன்று ஸ்டீபன் கிங் ஒரு நெடுங்கதையை வெளியிட்டார். பெயர் 'ரைடிங் த புல்லட்'. ஆஸ்பத்திரியில் இருக்கும் அம்மாவைப் பார்க்க, ராத்திரியில் போகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப்போகும் ஒரு கல்லூரி மாணவனின் பேய்க்கதை. கதையைவிட அது வந்த விதம்தான் அன்றைக்குச் செய்தி. புத்தகமாக வரவில்லை, பத்திரிகையிலும் வரவில்லை. இரண்டரை டாலர் கட்டி இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். சில இணையக் கடைகள் கூட்டம் சேர்க்க அந்த இரண்டரை டாலரைக்கூட வாங்காமல் இலவசமாகவே கொடுத்தன. முதல் 24 மணி நேரத்தில் 4 லட்சம் பிரதிகளுக்கு மேல் போயின. டயல்-அப் மோடம் காலத்தில் இது நடந்தது என்பதை ஞாபகம் வெச்சுக்கணும்.

அந்தக் கோப்பு பூட்டப்பட்டிருந்தது. அதைத் திறப்பதற்கென்று ஒரு மென்பொருளை முதலில் கணினியில் நிறுவ வேண்டும். பூட்டு சில நாட்கள்தான் தாங்கியது. யாரோ உடைத்தார்கள், உடைத்த பிரதி ஊர் சுற்ற ஆரம்பித்தது.

அதே வருடம் ஜூலையில் கிங் இதற்கு நேர் எதிரான ஒன்றைச் செய்தார். 'த பிளான்ட்' என்ற நாவலைத் தன் சொந்த இணையதளத்தில் தொடராக விற்றார். பதிப்பாளர் இல்லை, பூட்டும் இல்லை. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு பகுதிக்கு ஒரு டாலர், கட்டுவது வாசகரின் நேர்மையைப் பொறுத்தது.

ஒரே எழுத்தாளர், ஒரே வருடம், இரண்டு விதமான கோப்பு. இன்றைக்கும் மின்னூல் விற்க நினைக்கும் யாருக்கும் முன்னால் இருப்பது ஏறக்குறைய இதே இரண்டு வழிகள்தான். நான் பகலில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அதனாலேயே வருடத்துக்கு இரண்டு மூன்று எழுத்தாளர்களாவது என்னிடம் கேட்கிறார்கள்: "புத்தகத்தை ஈபுக்கா போடலாம்னு இருக்கேன். பி.டி.எஃப்பா, இபப்பா? கிண்டில்ல போடவா, நானே விக்கவா?" ஒரு வார்த்தையில் பதில் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். இது கோப்பைப் பற்றிய கேள்வி போலத் தெரிகிறது. உண்மையில் 'வாசகருக்கு நான் எதை விற்கிறேன், புத்தகத்தையா, படிப்பதற்கான அனுமதியையா?' என்ற கேள்வி அது. அதற்குப் பதில் சொல்ல இந்த ஐம்பது வருட வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

ஆறு பேர் இறக்கிய புத்தகம்

1971 ஜூலை 4. இல்லினாய் பல்கலைக்கழக மாணவர் மைக்கேல் ஹார்ட்டுக்கு அங்கிருந்த ஜெராக்ஸ் சிக்மா ஐந்து கணினியில் தாராளமாக நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அன்று அமெரிக்கச் சுதந்திர தினம். ஹார்ட் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை உட்கார்ந்து தட்டச்சு செய்தார். சின்ன எழுத்துகளுக்கு அங்கே வழியில்லை என்பதால் முழுவதும் பெரிய எழுத்துகள். மொத்தமே 5 கிலோபைட். கூட்டன்பர்க் திட்டம் அங்கே ஆரம்பித்தது.

இதில் எனக்குச் சுவாரசியமானது அடுத்து நடந்த விஷயம். கோப்பை வலையில் இருந்த எல்லோருக்கும் அனுப்பிவிடலாம் என்பதுதான் அவர் முதலில் நினைத்தது. சுமார் 100 பேர் இருந்த வலை அது. அத்தனை பேருக்கும் 5 கிலோபைட் அனுப்பினால் வலையே படுத்துவிடும் என்ற நிலை. அதனால் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஓர் அறிவிப்பு மட்டும் போட்டார். வேண்டியவர்கள் போய் எடுத்துக்கொள்ளட்டும். ஆறு பேர் எடுத்தார்கள்.

அனுப்புவதா, வந்து எடுக்கச் சொல்வதா என்ற கேள்வி மின்னூலோடு சேர்ந்தே பிறந்திருக்கிறது. இன்று வாட்ஸப்பில் கோப்பை நேராக அனுப்புவதா, டவுன்லோட் இணைப்பு கொடுப்பதா என்று யோசிக்கும் பதிப்பாளர் ஹார்ட்டின் இடத்தில்தான் நிற்கிறார். ஹார்ட்டுக்கு ஒரு சௌகரியம் இருந்தது, அவர் விற்கவில்லை. விற்பனை என்று வந்ததும் பயமும் கூடவே வந்தது.

எழுபத்தைந்து சதவீதம்

'த பிளான்ட்' ஒரு பதிப்பகத்தால் நிராகரிக்கப்பட்ட எழுத்தாளன், அந்தப் பதிப்பகத்துக்கு ஒரு விபரீதமான செடியை அனுப்பிவைப்பது பற்றிய கதை. 1980-களில் கிங் இதன் சில பகுதிகளைச் சின்னப் புத்தகங்களாக அச்சிட்டு, கிறிஸ்துமஸ் பரிசாக நண்பர்களுக்குக் கொடுத்திருக்கிறார். 2000 ஜூலை 24 அன்று அதைத் தூசி தட்டி எடுத்து இணையத்தில் விட்டார். நிபந்தனை ஒன்றுதான்: இறக்குபவர்களில் குறைந்தது 75 சதவீதம் பேராவது காசு கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கதை நின்றுவிடும்.

முதல் வாரத்தில் ஒன்றரை லட்சம் பிரதிகளுக்கு மேல் இறங்கின. சுமார் 76 சதவீதம் பேர் கட்டினார்கள், அல்லது கட்டுவதாகச் சொன்னார்கள். யாரும் காவலுக்கு நிற்காத கடையில் நாலில் மூன்று பேர் காசை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனா அது நீடிக்கவில்லை. நான்காவது பகுதி வந்தபோது கட்டியவர்கள் 46 சதவீதம். டிசம்பரில் ஆறாவது பகுதியோடு கிங் நிறுத்தினார். அந்த நாவல் இன்றுவரை முடியவில்லை.

'வாசகர்களை நம்பினால் இதுதான் நடக்கும்' என்பதற்கு உதாரணமாகவே இந்தக் கதையை வெகுகாலம் சொல்லிவந்தார்கள். ஆனால் கிங் பிறகு தன் தளத்தில் வரவு செலவுக் கணக்கை வெளியிட்டார். செலவெல்லாம் போகக் கையில் நின்றது 4 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கும் மேல். அச்சு இல்லை, கிடங்கு இல்லை, பாதியில் நின்றுபோன ஒரு நாவல். தோற்றது என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்!

அந்த 75 சதவீதம் என்ற எண்ணே தவறான அளவுகோல் என்று நினைக்கிறேன். ஒரு மென்பொருள்காரனாக எனக்குத் தெரிந்தது: டவுன்லோட் எண்ணிக்கை வேறு, வாசகர் எண்ணிக்கை வேறு. ஒருவரே வீட்டில் ஒருமுறை, ஆபீசில் ஒருமுறை இறக்கினால் கணக்கில் இரண்டு. இறக்கிவிட்டுப் படிக்காமலே விட்டவர் கணக்கில் ஒன்று. புத்தகக் கண்காட்சியில் ஒரு நாவலைக் கையில் எடுத்து நாலு பக்கம் புரட்டிவிட்டு வைத்துவிட்டுப் போகிறவரை நாம் திருடன் என்று எண்ணுவதில்லை. எத்தனை பேர் கட்டாமல் போனார்கள் என்று எண்ணுவது ஒரு கணக்கு, எத்தனை பேர் கட்டினார்கள் என்று எண்ணுவது இன்னொரு கணக்கு. கடைக்காரர் சாயங்காலம் கல்லாவை எண்ணித்தான் கடையைச் சாத்துகிறார். வாங்காமல் போன தலைகளை எண்ணுவதில்லை.

கூடவே, கட்டுவதும் அன்று சுலபமில்லை. ஒரு டாலருக்காக கார்டை எடுத்து, எண்ணைத் தட்டி, படிவம் நிரப்ப வேண்டும். காசு கொடுக்க மனமில்லாதவர்களையும், அந்தச் சிரமத்துக்குச் சோம்பல்பட்டவர்களையும் அந்த 54 சதவீதம் பிரித்துக் காட்டாது.

வாய்விட்டுப் படிக்கக் கூடாத ஆலிஸ்

பெரிய நிறுவனங்கள் எடுத்துக்கொண்ட பாடம் பூட்டை இன்னும் பலமாகப் போட வேண்டும் என்பதுதான். அந்தக் காலத்தில் கிளாஸ்புக் என்ற மென்பொருளை அடோபி நிறுவனம் வாங்கித் தன் மின்னூல் படிப்பானாக மாற்றியது. அதில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் அனுமதிப் பட்டியல் இருக்கும். இத்தனை பக்கம் நகலெடுக்கலாம், இத்தனை பக்கம் அச்செடுக்கலாம் என்று. லூயிஸ் கரோலின் 'ஆலிஸ்' கதையின் பதிப்பு ஒன்றில், இந்தப் புத்தகத்தை உரக்கப் படிக்கக் கூடாது என்று வந்தது. 1865-இல் வெளியான, காப்புரிமை எப்போதோ முடிந்துபோன, குழந்தைகளுக்குப் படித்துக் காட்டவே எழுதிய புத்தகம்! கணினிக் குரல் வாசிக்கும் வசதியை அணைத்திருக்கிறோம் என்பதுதான் அதன் பொருள், அம்மா குழந்தைக்குப் படிப்பதைத் தடுக்கவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். சரி. ஆனால் கணினிக் குரலை நம்பியிருக்கும் பார்வையற்ற வாசகர் என்ன செய்வார்?

அடுத்த வருடம் பூட்டு ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்பியது. திமித்ரி ஸ்க்லியாரோவ், ரஷ்யர், வயது 26. மாஸ்கோவின் எல்காம்சாஃப்ட் நிறுவனத்தில் வேலை. அடோபியின் பூட்டிய மின்னூலைச் சாதாரண பி.டி.எஃப்பாக மாற்றும் மென்பொருளை எழுதியவர். அவர் நாட்டில் அது குற்றமில்லை. 2001 ஜூலையில் அமெரிக்காவின் லாஸ் வேகஸுக்கு வந்து, ஒரு மாநாட்டில் இந்தப் பூட்டுகள் எவ்வளவு பலவீனமானவை என்று பேசினார். ஜூலை 16 அன்று ஊருக்குக் கிளம்பும்போது எஃப்.பி.ஐ அவரைக் கைது செய்தது. 1998-இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி, பூட்டை உடைக்கும் கருவியை விற்பதே குற்றம். உள்ளே இருக்கும் புத்தகத்தை நீங்கள் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் அப்படித்தான்.

எதிர்ப்பு கிளம்பியது. புகார் கொடுத்த அடோபியே ஒரு வாரத்தில் பின்வாங்கியது, அரசு பின்வாங்கவில்லை. ஸ்க்லியாரோவ் வீடு திரும்ப டிசம்பர் ஆனது. 2002 டிசம்பரில் நடுவர் குழு எல்காம்சாஃப்ட் நிறுவனத்தைக் குற்றமற்றது என்று விடுவித்தது.

பொறியியல் படித்தவர்களுக்கு இந்தப் பூட்டின் அடிப்படைக் கோளாறு உடனே புரியும். வழக்கமான ரகசியக் குறியீட்டில் அனுப்புபவர், பெறுபவர், நடுவில் ஒட்டுக்கேட்கும் எதிரி என்று மூன்று பேர். பெறுபவரிடம் சாவி இருக்கும், எதிரியிடம் இருக்காது. மின்னூல் பூட்டிலோ பெறுபவரும் எதிரியும் ஒரே ஆள். புத்தகத்தைப் படிக்க வேண்டுமென்றால் சாவியை அவர் கணினிக்குக் கொடுத்தே ஆக வேண்டும். சாவியைக் கொடுத்துவிட்டு, 'எங்க இருக்குன்னு மட்டும் பார்க்காத' என்று சொல்கிற பூட்டு இது. அதனால்தான் திரும்பத் திரும்ப உடைகிறது. உடைக்கத் தெரிந்தவன் ஒருவன் போதும், மற்ற ஆயிரம் பேருக்குப் பூட்டில்லாத பிரதி கிடைத்துவிடும். கடைசியில் பூட்டோடு மல்லுக்கட்டுவது காசு கொடுத்து வாங்கிய வாசகர் மட்டும்தான்.

கடையே அலமாரி ஆனபோது

2007-இல் இரண்டு விஷயங்கள் இரண்டு மாத இடைவெளியில் நடந்தன. செப்டம்பரில் இபப் என்ற வடிவம் பொதுத் தரமாக அறிவிக்கப்பட்டது. எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத வடிவம். அதைப் பிரித்துப் பார்த்தால் ஆச்சரியமாக ஒன்றும் இருக்காது. இணையப் பக்கங்கள் எழுதப்படும் அதே எச்.டி.எம்.எல்லில் அத்தியாயங்கள், அலங்காரத்துக்கு ஒரு கோப்பு, படங்கள், உள்ளடக்கப் பட்டியல். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சிப் பொட்டலமாகக் கட்டியதுதான் இபப்.

நவம்பர் 19-இல் அமேசான் கிண்டிலை வெளியிட்டது. விலை 399 டாலர். ஐந்தரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தது. கிண்டில் இபப்பைத் திறக்காது. 2005-இல் அமேசான் விலைக்கு வாங்கியிருந்த மோபிபாக்கெட் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றித் தன் வடிவமாக்கிக்கொண்டது.

கிண்டிலின் பெரிய சாதனை பூட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கியது. மென்பொருள் நிறுவு, பதிவு செய், குறியீடு கொடு என்ற தொல்லை எதுவும் இல்லை. பொத்தானை அமுக்கினால் ஒரு நிமிஷத்தில் புத்தகம் கையில். கடை, லாரி, அலமாரி மூன்றும் ஒரே ஆளுடையது என்பதால் இது சாத்தியமானது. அதன் மறுபக்கம் 2009 ஜூலையில் தெரிந்தது. உரிமை இல்லாத ஒருவர் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' இரண்டையும் கிண்டில் கடையில் ஏற்றி விற்றிருந்தார். விஷயம் தெரிந்ததும் அமேசான் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே புத்தகத்தை அழித்தது. எல்லாப் புத்தகங்களிலும் '1984'ஐப் போயா! பாடத்துக்காகப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரின் குறிப்புகள் பயனற்றுப் போயின. வழக்கு வந்தது. அமேசானின் தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

காகிதப் புத்தகத்தில் இப்படி நடக்க வாய்ப்பே இல்லை. திருட்டுப் பதிப்பை விற்ற கடைக்காரர் ராத்திரி நம் வீட்டுக்குள் வந்து, மேசையில் காசை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துப் போக மாட்டார்.

மைக்ரோசாஃப்ட் கதை இதைவிட அமைதியானது. 2000-இல் லிட் என்று ஒரு மின்னூல் வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். 2012-இல் கைவிட்டார்கள். பிறகு இன்னொரு மின்னூல் கடையைத் திறந்து, 2019-இல் அதையும் மூடினார்கள். வாங்கிய புத்தகங்கள் எல்லாம் வாசகர்களின் கணக்கிலிருந்து மறைந்தன. பணம் திரும்ப வந்தது. அடிக்கோடு போட்டுக் குறிப்பு எழுதியிருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். ஒரு புத்தகத்தின் ஓரத்தில் நாம் எழுதி வைத்ததற்கு ஒருவர் விலை போட்டுக் கொடுத்தது அநேகமாக அதுதான் முதல் தடவை.

தமிழுக்கு வேறொரு பூட்டு இருந்தது

இந்தச் சண்டைகள் நடந்த காலத்தில் தமிழ் மின்னூலின் பிரச்சினை வேறாக இருந்தது. நம்மிடம் யாரும் பூட்டு போடவில்லை. எழுத்தே பூட்டாக இருந்தது.

தமிழ்ப் பதிப்பகங்களில் வெகுகாலம் புத்தகங்களை அடித்தது பாமினி போன்ற எழுத்துருக்களில். திரையில் 'தமிழ்' என்று தெரியும். கோப்புக்குள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் முகமூடி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகமூடி கழன்று, வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை தெரியும். இருபது வருடத்துக்கு முந்தைய தன் நாவலின் கோப்பை ஓர் எழுத்தாளர் எனக்கு அனுப்பியபோது அப்படித்தான் வந்தது. எந்த எழுத்துருவில் அடித்தது என்று அவருக்கும் ஞாபகம் இல்லை. நாலு மாற்றிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் முதல் வரியைப் படிக்க முடிந்தது. அந்த நாவலுக்கு யாரும் ரகசியக் குறியீடு போடவில்லை, ஆனாலும் சாவி தொலைந்திருந்தது.

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னெடுக்க, உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதல் நவீன எழுத்து வரை தட்டச்சு செய்தார்கள். எந்தக் குறியீட்டில் அடிப்பது என்பதே அவர்களுக்கு முன்னிருந்த கேள்வி. ஆளுக்கொரு எழுத்துரு என்றிருந்த காலத்தில் டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு யூனிகோடுக்கு மாறினார்கள். வடிவம் செத்தாலும் நூல் சாகக் கூடாது என்று முன்கூட்டியே யோசித்த வேலை அது. இன்று நாம் போகிற போக்கில் ஒரு குறுந்தொகைப் பாட்டைத் தேடி எடுக்க முடிவதற்கு அந்த மாற்றம்தான் காரணம்.

இந்த இடத்தில் பி.டி.எஃப்பின் கவர்ச்சியைப் புரிந்துகொள்ளலாம். 1993-இல் அடோபி கொண்டுவந்த வடிவம். பக்கத்தின் எந்த இடத்தில் எந்த வடிவம் வர வேண்டும் என்று ஆணியடித்தாற்போல் எழுதி, எழுத்துருவையும் உள்ளேயே வைத்துக்கொள்ளும். எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி தெரியும். எழுத்து உடைந்துபோகும் பயத்திலேயே வாழ்ந்த தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் பி.டி.எஃப்புக்குத் தெரிந்தது வடிவம், எழுத்து அல்ல. அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்க. 'கொ' என்பது ஒற்றைக்கொம்பு தனி, 'க' தனி, கால் தனி என்று சிதறி விழுவது அடிக்கடி நடக்கும். தேடினால் கிடைக்காது. பெரிய தாளுக்குச் செய்ததைச் செல்பேசியில் படிக்க இடமும் வலமும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

2013-இல் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் தொடங்கியபோது ஒவ்வொரு நூலையும் நான்கு விதமாகக் கொடுத்தார்கள்: இபப், மோபி, ஏ4 பி.டி.எஃப், 6 அங்குல பி.டி.எஃப். அந்த நான்காவதைக் கவனியுங்கள். 6 அங்குலம் என்பது கிண்டில் போன்ற கருவிகளின் திரை அளவு. அந்தக் கருவிகளுக்குத் தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாததால், பக்கத்தையே திரை அளவுக்கு வெட்டி, உறைய வைத்துக் கொடுத்தார்கள். அமேசான் 2016 டிசம்பரில்தான் இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளத்தோடு தமிழையும் கிண்டிலில் முறையாகக் கொண்டுவந்தது. கிண்டில் பிறந்து ஒன்பது வருடம் கழித்து.

அதன் பிறகு தமிழில் எழுதுகிற பலருக்கு, பதிப்பாளர் படியேறாமல் புத்தகம் போட ஒரு வழி கிடைத்தது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சின்ன எழுத்தில் இருக்கும் இரண்டு விஷயங்களை நண்பர்களிடம் எப்போதும் சொல்வேன். ஒன்று, இந்தியக் கடையில் 70 சதவீத உரிமத்தொகை வேண்டுமென்றால் கே.டி.பி செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் அந்த மின்னூலை 90 நாட்களுக்கு வேறு எங்கும் விற்கக் கூடாது, உங்கள் சொந்தத் தளத்தில்கூட. சேராவிட்டால் 35 சதவீதம்தான். இரண்டு, பதிவேற்றும்போது பூட்டு வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். அது உங்கள் விருப்பம். வேண்டாம் என்று சொல்ல முடியும் என்பதே பல எழுத்தாளர்களுக்குத் தெரியாது.

பூட்டாமல் விற்றவர்கள்

'பூட்டாம குடுத்தா மறுநாளே குரூப்ல வந்துடும்' என்ற பயம் நியாயமானது. பாடுபட்டு எழுதிய புத்தகம் இலவசக் கோப்பாகக் கைமாறும்போது வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அப்படிச் சுற்றும் தமிழ்க் கோப்புகளைத் திறந்து பாருங்கள். நிறைய கோப்புகளில் காகிதப் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்த தடம் தெரியும், ஓரத்தில் கட்டைவிரல்கூட இருக்கும். மின்னூலே வராத புத்தகங்களும் அதில் உண்டு. பூட்டினால் அது நிற்குமா?

பூட்டாமல் விற்றவர்களின் அனுபவமும் நம்மிடம் இருக்கிறது. அமெரிக்காவின் பேன் புக்ஸ், கிங்கின் சோதனைக்கு முந்தைய வருடம் 1999-இலேயே, அறிவியல் புனைகதைகளைப் பூட்டில்லாமல் பல வடிவங்களில் நேரடியாக விற்க ஆரம்பித்தது. 2012-இல் ஹாரி பாட்டர் மின்னூல்கள் பாட்டர்மோர் என்ற சொந்தக் கடையில் வந்தபோது, பூட்டுக்குப் பதிலாக ஒவ்வொரு பிரதியிலும் வாங்கியவருக்கான கண்ணுக்குத் தெரியாத அடையாளம் பதிக்கப்பட்டது. கிண்டிலில் வாங்க வந்தவர்களை அமேசானே அந்தக் கடைக்கு அனுப்பியது. அதே வருடம் டோர் பதிப்பகம் பூட்டுகளைக் கழற்றியது. ஒரு வருடம் கழித்து அதன் பிரிட்டன் கிளை, திருட்டு குறிப்பிடும்படி அதிகரிக்கவில்லை என்று சொன்னது.

ஹாரி பாட்டருக்கு நடந்தது ஒரு தமிழ்க் கவிதைத் தொகுப்புக்கு அப்படியே நடக்காது, தெரியும். ஆனால் நமக்கு கிங்கிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. கிண்டிலில் தமிழ் வந்த அதே 2016-இல் யு.பி.ஐயும் வந்தது. ஒரு டாலர் கட்ட கார்டைத் தேடிய சிரமம் இன்று ஐம்பது ரூபாய் கட்டுகிறவருக்கு இல்லை. டீக்கடையில் செய்வதை இங்கேயும் செய்யப் போகிறார், அவ்வளவுதான். நேர்மையாகக் கட்டுவதற்கு ஆகும் உழைப்பு குறையக் குறைய, நேர்மையானவர்கள் எண்ணிக்கை கூடும் என்பது என் நம்பிக்கை.

ஆக, கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இது. மூலக் கோப்பு யூனிகோடில் இருக்கட்டும், அதுதான் உங்கள் சொத்து. அதிலிருந்து ஒரு இபப் செய்யுங்கள். எழுத்தளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் வரிகள் தானே மடிந்துகொள்ளும், பார்வையற்றவருக்குக் கணினி படித்துக் காட்டும். 2022 முதல் கிண்டிலுக்கே இபப்பை அனுப்பிப் படிக்கலாம். கூடவே செல்பேசித் திரைக்கு ஏற்ற சின்னப் பக்க பி.டி.எஃப் ஒன்று, இபப் என்றால் என்னவென்று தெரியாத வாசகருக்காக. காசு கட்டியவருக்கு இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள். இணைப்பு ஒரு நாளில் காலாவதியாக வேண்டாம், போன் மாற்றினால் மறுபடி கேட்பார், கொடுங்கள். முதல் பக்கத்தில் வாங்கியவர் பெயரைப் போட்டுக் கொடுங்கள். கண்ணியமான வேலி அது, அதைத் தாண்டுகிறவர் பூட்டையும் தாண்டுவார். கிண்டில் கடையும் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், 90 நாள் நிபந்தனையைப் படித்துவிட்டு. எதற்கும் புத்தகத்தின் ஒரே பிரதி அடுத்தவர் அலமாரியில் இருக்க வேண்டாம்.

2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் நூலைக் கணினிக்கு இறக்கி யு.எஸ்.பி வழியாக மாற்றிக்கொள்ளும் வசதியை அமேசான் எடுத்துவிட்டது. கடையில் இப்போது எழுதியே வைத்திருக்கிறார்கள், நீங்கள் வாங்குவது ஓர் உரிமம் என்று. ஹார்ட் 1971-இல் தட்டச்சு செய்த வகைக் கோப்பை, வெறும் எழுத்துகளாலான கோப்பை, என் போன் இன்றும் ஒரு நொடியில் திறக்கும். 2000-இல் காசு கொடுத்து வாங்கிய பூட்டிய லிட் நூலுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. உங்கள் வாசகரின் பேத்தி உங்கள் புத்தகத்தைத் திறக்க வேண்டுமென்றால், கோப்பைத் தேர்ந்தெடுக்கும் இன்றைக்கே அதை முடிவு செய்தாக வேண்டும்.